ஏட்டில் ஏறாத மெட்டு



இந்த முறை பாட்டு விஷயம். பாட்டு என்றதும் திரைப்படப் பாட்டோ, திருவிழாக் கச்சேரியோ என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நாவில் இருக்கிற பாட்டைச் சொல்கிறேன். லயத்து வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது பாடியது. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெண்கள் வட்டமாய் நின்று கும்மி கொட்டியது. கப்பலேறி வந்த கதையையும் கங்காணியையும் பால்மரத்தையும் வைத்துக் கட்டியது. அதன் சொல்லை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். மெட்டை எப்படி எழுதி வைப்பது? கணினி உள்ள வீட்டில் அதற்கு ஒரு வழி உண்டு. காசு செலவில்லாத வழி.

வழியைச் சொல்வதற்கு முன், நம் பேராக் மாநிலத்தின் கதை ஒன்றைக் கேளுங்கள். 1875-ஆம் ஆண்டு பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதன் தொடர்பில் சுல்தான் அப்துல்லா 1877-இல் இந்து மாக்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். (அதே 1877-இல்தான் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. அந்தக் கன்றுகள் நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றப் போகின்றன என்று அன்று யார் கண்டார்கள்?) அந்தத் தீவில் மக்கள் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு மெட்டு அரச குடும்பத்தாரின் காதில் ஒட்டிக்கொண்டதாம். பிற்காலத்தில் பேராக் அரசர் இங்கிலாந்து சென்றபோது, "உங்கள் மாநில கீதம் எது?" என்று அங்குள்ளவர்கள் கேட்க, உடன் சென்றவர் அந்த மெட்டை முனகிக் காட்டினார் என்று சொல்வார்கள். அதுவே பேராக் மாநில கீதத்தின் மெட்டாயிற்று. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது 'நெகாராகூ'வின் மெட்டும் அதுவே ஆயிற்று. இடைக்காலத்தில் 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாகவும் அது தீவுக்குத் தீவு சுற்றியது. இந்த மெட்டை முதலில் கட்டியவர் யார் என்று இன்றும் ஆளுக்கொரு பக்கமாய்ப் பேசுகிறார்கள். வாயிலிருந்து வாய்க்குப் போன மெட்டு அல்லவா? வந்த வழியை யாரும் குறித்து வைக்கவில்லை.

அரண்மனையில் வழங்கிய மெட்டுக்கே இந்தக் கதி என்றால், லயத்தில் வழங்கிய மெட்டுக்கு என்ன கதி?

முன்பெல்லாம் லயமே ஒரு ஏடாக இருந்தது. ஒரு பாட்டை இருபது பெண்கள் அறிந்திருந்தார்கள். ஒருத்தி மறந்த அடியை அடுத்த வீட்டுக்காரி எடுத்துக் கொடுப்பாள். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதன் பின் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பாடிய அம்மா இன்று ஈப்போவில் ஒரு தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறார். அவரோடு சேர்ந்து பாடியவர் தெலுக் இந்தானில் மகளோடு இருக்கிறார். இருவருக்கும் எண்பதை நெருங்குகிறது. எடுத்துக் கொடுக்க அடுத்த வீட்டில் ஆள் இல்லை. ஆகவே இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லைத் தொகுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி எடுத்து நூலாக்கியிருக்கிறார்கள். ஆனால் அச்சில் ஏறிய சொல்லை மட்டும் பார்த்து, அதைக் கேட்டறியாத ஒரு பிள்ளையால் பாட முடியுமா? முடியாது. அந்தப் பிள்ளைக்கு அது பாட்டாக இராது, பாடமாகத்தான் இருக்கும்.

"கைத்தொலைபேசியில் பதிவு செய்துவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பதிவு கட்டாயம் வேண்டும். அதுதான் முதல் வேலை. ஆனால் தொலைபேசி உடையும், தொலையும். பதிவைக் கேட்டு ஒருவர் அதைத் திரும்பப் பாடலாமே தவிர, பள்ளியில் முப்பது பிள்ளைகள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியாது. ஹங்கேரி நாட்டின் பெரிய இசையறிஞர்கள் பேலா பார்ட்டோக்கும் கோடாயும் 1906 வாக்கில் மெழுகு உருளையில் ஒலி பதியும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார்கள். குடியானவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. அந்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காகிதத்தில் குறிப்பாக எழுதினார்கள். நீங்கள் செய்யப் போவதும் அதே வேலைதான். உருளைக்குப் பதில் கைத்தொலைபேசி, காகிதத்துக்குப் பதில் கணினி.

நம்மவர்களிலும் முன்னோடிகள் உண்டு. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890-களிலேயே நம் கர்நாடக இசையை மேல்நாட்டு ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி அச்சிட்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை வெளியிட்டார். ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்பதற்குத் தனித்தனி அடையாளங்களையும் அதில் போட்டார். அவை வித்துவான்களின் பாட்டு. தோட்டத்துப் பாட்டுக்கு அப்படி ஒரு புண்ணியவான் வந்து சேரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். மென்பொருளின் பெயர் 'மியூஸ்ஸ்கோர்'. வெர்னர் ஷ்வேர் என்ற ஜெர்மானியர் 2002-இல் தொடங்கிய முயற்சி இது. 2022 டிசம்பரில் இதன் நான்காம் பதிப்பு வந்தது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதே பெயரில் இணையத்தில் இரண்டு முகவரிகள் உண்டு. 'டாட் ஆர்க்' என்று முடிவதில்தான் மென்பொருள் கிடைக்கும். 'டாட் காம்' என்று முடிவது மற்றவர்கள் எழுதிய இசைத்தாள்களைப் படிக்கும் இடம். அங்கே சந்தா கட்டச் சொல்வார்கள். பலர் அங்கே போய்க் கடன் அட்டை எண்ணைக் கேட்டதும் பயந்து திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நான்காம் பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய கணினி இருந்தால் நல்லது. பிள்ளைகள் படித்து முடித்துப் போட்ட பழைய மடிக்கணினிதான் வீட்டில் இருக்கிறது என்றால் மூன்றாம் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு அது தாராளம். கைத்தொலைபேசியில் உள்ள செயலி படிக்கவும் கேட்கவும் மட்டுமே, எழுத உதவாது.

"எனக்கு ஐந்து கோட்டுக் குறிப்பு படிக்கத் தெரியாதே!" என்று பின்வாங்காதீர்கள். தொடக்கப்பள்ளியில் ரெக்கார்டர் குழல் ஊதிப் பழகிய பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். அதற்கு இந்தப் பொட்டும் கோடும் ஓரளவு தெரியும். பிள்ளையே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மென்பொருளின் பெரிய உபகாரம் என்னவென்றால், நீங்கள் எழுதியதை அது உடனே வாசித்துக் காட்டும். கண்ணுக்குப் புரியாததைக் காது பிடித்துவிடும். பாட்டியின் பதிவை ஒரு தரம் கேளுங்கள், கணினி வாசிப்பதை ஒரு தரம் கேளுங்கள். எங்கே பிசகுகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதலில் பதிவு. காற்றாடியை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பாட்டியை அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் சுருதி கொடுக்க வேண்டாம். திருத்தவும் வேண்டாம். இரண்டு தடவை பாட வையுங்கள். இரண்டும் ஒன்றாக இராது, அதுவும் நல்லதுதான். மடியில் பேரப் பிள்ளை இருந்தால் தாலாட்டுத் தானாக வரும். ஒப்பாரியை மட்டும் நல்ல நாளில் வீட்டுக்குள் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பெரியவர்கள் அதை ஆகாது என்பார்கள். அவர்களுக்கு மனம் இருந்தால் இடத்தையும் நேரத்தையும் அவர்களே சொல்வார்கள்.

அடுத்து, பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து இளைப்பாறுகிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அடியும் முடியும்போது குரல் திரும்பி வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் 'ஸ'. பாட்டி எந்தக் கட்டையில் பாடினாலும் சரி, இப்போதைக்கு அந்த 'ஸ'வைக் கணினியில் 'சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பெரிய ரி 'டி' ஆகும்; பெரிய க 'ஈ'; சின்ன ம 'எஃப்'; ப 'ஜி'; பெரிய த 'ஏ'; பெரிய நி 'பி'. சங்கராபரணம் அப்படியே வெள்ளைக் கட்டைகள். மோகனம் என்றால் சி, டி, ஈ, ஜி, ஏ என்ற ஐந்தே எழுத்து. நாட்டுப் பாட்டுகள் பலவும் நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே நடமாடுவதால், நீங்கள் நினைக்கிற அளவு சிரமம் இராது.

இனி மென்பொருளைத் திறந்து 'ஃபைல்' என்பதில் 'நியூ' என்பதைத் தட்டுங்கள். எந்த வாத்தியம் என்று கேட்கும். வயலினைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வரிசைக் கோடு வரும். கீழே மந்திர பஞ்சமம் வரை இறங்கவும் இடம் இருக்கும். அடுத்தது தாளம். கையைத் தட்டிப் பாருங்கள். நாலு நாலாக விழுந்தால் நாலுக்கு நாலு. 'தகிட தகிட' என்று மும்மூன்றாகத் துள்ளினால் ஆறுக்கு எட்டு. கும்மியும் தொட்டில் ஆட்டமும் அடிக்கடி இப்படித்தான் நடக்கும். எவ்வளவு வேகம் என்று கேட்டால், தொட்டில் ஒரு தரம் போய் வருகிற நேரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

தாள் திறந்ததும் முதல் கட்டத்தைச் சுட்டி, ஆங்கில 'என்' எழுத்தைத் தட்டுங்கள். இப்போது எழுதத் தயார். 5 என்ற எண்ணைத் தட்டினால் ஒரு தட்டு நீளம். 4 என்றால் அதில் பாதி. 6 என்றால் இரண்டு தட்டு, 7 என்றால் நாலு தட்டு. நீளத்தைத் தேர்ந்த பிறகு ஸ்வரத்தின் எழுத்தைத் தட்டவேண்டியதுதான். பழகிப் பார்க்க 5-ஐத் தட்டி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி என்று வரிசையாகத் தட்டுங்கள். 'என்' எழுத்து நிலையிலிருந்து வெளியே வர 'எஸ்கேப்' விசை. பிறகு முதல் பொட்டைச் சுட்டி, நீளமான இடைவெளி விசையை அழுத்துங்கள். ஸ ரி க ம ப த நி ஸ என்று உங்கள் கணினி வாசிக்கும். முதல் தடவை கேட்கும்போது வீட்டில் எல்லோரும் ஓடி வருவார்கள், பாருங்கள்!

ஆறுக்கு எட்டில் எழுதும்போது ஒரு சிறு வேறுபாடு. அங்கே 'தகிட'வின் ஒவ்வோர் அசைக்கும் 4. மூன்றும் சேர்ந்து ஒரே நீட்டலாக வந்தால் 5-ஐத் தட்டி உடனே ஒரு புள்ளியையும் தட்டுங்கள். பாட்டி மூச்சு வாங்கும் இடத்துக்குப் பூஜ்யம். ஸ்வரம் தப்பான ஸ்தாயியில் விழுந்தால், 'கண்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு மேல் அம்பையோ கீழ் அம்பையோ தட்டுங்கள். வெறும் அம்பு மட்டும் தட்டினால் அரை ஸ்வரம் நகரும். பெரிய ரி சின்ன ரி ஆவது இப்படித்தான்.

மெட்டு சரியாக வந்த பிறகே சொல்லை ஏற்றுங்கள். முதல் பொட்டைச் சுட்டி 'கண்ட்ரோல்' விசையோடு 'எல்' எழுத்தைத் தட்டினால் அதன் கீழே எழுத இடம் வரும். ஒருங்குறித் தமிழை மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலை வைத்துத் தட்டெழுதுகிறவர்கள் அதையே பயன்படுத்தலாம். 'கண்ணே' என்று எழுத, 'கண்' என்று அடித்து ஒரு சிறு கோட்டைத் தட்டினால் அடுத்த பொட்டுக்குத் தாவும், அங்கே 'ணே'. சொல் முடிந்தால் இடைவெளி விசை. எழுத்து சதுரம் சதுரமாகத் தெரிந்தால், லதா போன்ற ஒரு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சொல்லை முடித்துவிட்டு மறுபடி ஸ்வரம் எழுதப் போகும்போது விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எதைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. கணினி கெட்டுவிட்டதென்று பதறிப் போவீர்கள்.

இனி இந்தக் கருவியால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி 'ஆராரோ' என்று இழுக்கும்போது குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டும் ஊஞ்சலாடிக்கொண்டும் போகும். ஐந்து கோட்டில் அது தனித்தனிப் பொட்டாகத்தான் விழும். கணினி வாசித்தால் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இருக்கும். சுப்பராம தீட்சிதர் அத்தனை அடையாளங்களைப் போட்டது இந்தக் குறைக்காகத்தான். வழுக்கலுக்கு மென்பொருளிலேயே ஒரு சாய்கோடு உண்டு. இரண்டு பொட்டுக்கு நடுவே போடலாம். மற்றதைத் தமிழிலேயே மேலே எழுதிவிடுங்கள்: 'இங்கே குரலை ஆட்டிக் கீழே விடுவார்.' வெட்கப்பட ஒன்றும் இல்லை. கமகத்தோடு கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' என்ற தனி மென்பொருள் இருக்கிறது. அதில் ஸ ரி க ம என்றே எழுதலாம். ஆனால் அதைப் படிக்க வித்துவான்தான் வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு மியூஸ்ஸ்கோர்தான் வசதி.

ஒப்பாரி தாளத்துக்கு அடங்காது. அழுகை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கேதான் அடி முடிகிறது. அதைக் கட்டத்துக்குள் திணித்தால் அணிநடை ஆகிவிடும். என் யோசனை: ஒப்பாரிக்குப் பதிவையே முதலாக வைத்துக்கொண்டு, ஸ்வரங்களை மட்டும் வரிசையாகக் குறித்து, மூச்சு விடும் இடத்தை அடையாளமிடுங்கள். அதற்கு மேல் முயல வேண்டாம்.

எழுதி முடித்ததும் பாட்டியின் உண்மையான கட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம். 'டூல்ஸ்' என்பதில் 'டிரான்ஸ்போஸ்' என்று ஒன்று இருக்கிறது. அவர் ஐந்து கட்டையில் பாடுகிறார் என்றால் 'சி'யை 'ஜி'க்கு நகர்த்தச் சொன்னால் மொத்தப் பாட்டும் நகர்ந்துவிடும். கையால் எழுதினால் இதற்கு ஒரு பகல் ஆகும்.

சேமிப்பதில் அசட்டையாய் இருந்துவிடாதீர்கள். 'ஃபினாலே' என்று ஒரு பெரிய இசைக்குறிப்பு மென்பொருள் இருந்தது. 1988-இல் வந்தது, உலகமெங்கும் இசைக் கல்லூரிகளில் புழங்கியது. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனத்தார், இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுதும் அதில் எழுதியவர்கள் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்ற ஓடினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது 'மியூசிக் எக்ஸ்எம்எல்' என்ற பொதுவடிவம். 2004 முதல் இருக்கிறது, பலவகை மென்பொருள்களும் அதைப் படிக்கும். ஆகவே உங்கள் பாட்டையும் மியூஸ்ஸ்கோரின் சொந்தக் கோப்போடு நிறுத்தாமல் 'எக்ஸ்போர்ட்' வழியாக மியூசிக் எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்து வையுங்கள். பாட்டியின் குரல் பதிவையும் அதே உறையில் போடுங்கள். ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் உறவினரிடம். காகிதத்தில் ஒன்று அவசியம். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

தாளின் தலைப்பில் பாட்டின் முதற்சொல்லை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பாடியவர் பெயர், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எப்போது பாடுவார்கள், பதிவு செய்த தேதி, எல்லாம் வேண்டும். தோட்டத்தின் பெயர்ப்பலகை அகற்றப்பட்ட இடங்களில், அந்தப் பெயர் இன்னும் எழுதப்பட்டிருக்கும் இடம் உங்கள் தாளாக மட்டும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் கணினியைப் பாட்டி பக்கத்தில் கொண்டுபோய் வைத்து வாசிக்க விடுங்கள். "ஐயே, இந்த இடம் இப்படி இல்லையே" என்பார். பாடிக் காட்டச் சொல்லுங்கள். பொட்டை நகர்த்துங்கள். மறுபடி வாசிக்க விடுங்கள். இரண்டு மூன்று மாலைகள் இப்படிப் போகும். நடுவில் அவருக்கு இன்னொரு பாட்டு நினைவுக்கு வந்தால், திருத்தலை நிறுத்திவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள்.